முன்னூற்றுப் பதிமூன்றாவது ஜாதகம்

இன்றைக்கு மதுரையில் வெப்சைட் செய்து தருகிறேன் என்று போர்டு மாட்டியிருப்பவர்கள் தெருவுக்கு இரண்டு பேர். 2003-இல் அப்படி ஒரு பிழைப்பு உண்டு என்பதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அந்த வருஷம்தான் ரம்யாஸ்ரீ அதில் இறங்கினாள். துணிச்சல்காரி என்று நினைத்துவிட வேண்டாம். பல்லி கத்தினால் பயம், போன் அடித்தால் பயம், கண்டக்டர் மீதிச் சில்லறை தராமல் நகர்ந்துவிட்டால் கூப்பிட்டுக் கேட்கப் பயம். அப்படிப்பட்டவள் கடை கடையாக ஏறி இறங்க வேண்டிய தொழிலை எப்படிப் பிடித்தாள் என்று கேட்டால், அவள் எங்கே பிடித்தாள்? அதுதான் அவளைப் பிடித்துக்கொண்டது.

கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் ஷட்டரில் பூட்டுத் தொங்குகிறது. நடத்தியவர் ஊரிலேயே இல்லை. வேறு வேலைக்குச் சென்னை போகலாம் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். அப்பா சௌரிராஜன் சுங்குடிச் சேலைக் கடையில் விற்பனையாளர். முனிச்சாலைப் பக்கம் சௌராஷ்டிரக் குடும்பங்கள் நெருக்கி இருக்கும் சந்தில் வீடு. வீட்டுக்குள் பேச்சு சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் மதுரைத் தமிழ். இங்கே எல்லாவற்றையும் தமிழிலேயே சொல்லிவிடலாம்.

இருபத்து மூன்று வயதுப் பெண் வேலை போய் வீட்டில் உட்கார்ந்தால் அடுத்த பேச்சு என்னவாக இருக்கும்? அது வருவதற்குள் அவளே முந்திக்கொண்டு, சொந்தமாக வெப்சைட் செய்து பிழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சௌரிராஜன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அடுத்த சித்திரைத் திருவிழா வரைக்கும் பாக்குறேன். நானா வரன் தேடிப் போக மாட்டேன். ஆனா நல்ல எடம் தானா வாசலுக்கு வந்துச்சுன்னா வேணாம்னு சொல்ல மாட்டேன். சரியா?"

சரி என்றாள். தானாக எந்த இடம் வரப்போகிறது என்று நினைத்தாள்.

கண்ணாடி முன்னால் நின்று, "வணக்கம், நான் ரம்யாஸ்ரீ பேசுறேன், வெப்சைட் செஞ்சு தர்றேன்" என்று தினமும் நாற்பது தடவை சொல்லிப் பழகினாள். கடை வாசலில் போய் நின்றால் அதில் ஒரு வார்த்தைகூட வராது. லாட்ஜ், நர்சரி பள்ளி, பாத்திரக்கடை என்று ஒன்றரை மாதம் அலைந்தாள். பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருந்த விருமாண்டி மட்டும்தான் உட்காரச் சொல்லி முழுசாகக் கேட்டார்.

"சரிம்மா, இத வச்சா என்ன ஆகும்?"

"உலகத்துல எங்க இருந்து வேணும்னாலும் உங்க மண்டியப் பாக்கலாம்ண்ணே."

"உலகத்துல இருக்கவன் பாத்து என்ன செய்யப் போறான்? பக்கத்து மண்டிக்காரன் பாத்துருவானே, இன்னைக்கு எம்புட்டுச் சரக்கு எறங்குச்சுன்னு!"

அவள் எழுந்துகொண்டாள். பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, முருங்கைக்காய் ஒரு கட்டு கொடுத்து அனுப்பினார். தொழிலில் அவள் முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்தது அதுதான். அன்றைக்குச் சாம்பார் நன்றாக இருந்தது.

கடைசியில் கிடைத்தவர் ராதாமணி அம்மா. சௌராஷ்டிர வரன்களுக்கான தகவல் மையம் வைத்திருந்தார். மையம் என்றால் அவர் வீட்டு முன்னறையும் பதினோரு நீள நோட்டும்தான். பையன், பெண், வீட்டுப்பெயர், கோத்திரம், நட்சத்திரம், போன் நம்பர் எல்லாம் அதில் அவர் கையாலேயே எழுதியிருக்கும். அவர் பொருத்தம் என்றால் பொருத்தம், ஆகாது என்றால் அதோடு முடிந்தது. அவர் வார்த்தையைத் தட்ட அந்தச் சனத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. பெங்களூர், அமெரிக்கா என்று போய்விட்ட பையன்களுக்கு நோட்டை எப்படிக் காட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தவர், இவள் போய் நின்றதும் பிடித்துக்கொண்டார். "செஞ்சு குடு. ஆனா ஒரு பேரு விட்டுப்போகக் கூடாது. ஒவ்வொண்ணும் ஒரு வீட்டோட நம்பிக்கை" என்றார்.

ரம்யாஸ்ரீ தல்லாகுளத்தில் பாண்டியராஜன் என்பவர் நடத்திய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தாள். வீட்டுக்குக் கிட்டே மகால் பக்கத்துச் சென்டர்களில் உட்கார்ந்தால் எல்லாரும் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். இரண்டு மாதத்தில் பக்கங்கள் தயாராயின. எல்லாம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க முதலில் ஒரு ஜாதகத்தை ஏற்றிப் பார்க்க வேண்டும். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஜாதகம் ஒன்றே ஒன்றுதான். தன் பெயர், தன் கோத்திரம், தன் நட்சத்திரம், தன் வீட்டு போன் நம்பர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். அழகாக வந்தது. அப்புறம் நோட்டுகளில் இருந்த முன்னூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொன்றாக ஏற்றினாள். தன்னுடையதை எடுக்க மறந்துபோனாள்.

"எல்லாம் ஏத்திட்டியா? ஒண்ணும் விடலையே?" என்று ராதாமணி அம்மா கேட்டார்.

"எல்லாம் ஏத்திட்டேன்ம்மா."

"அப்ப இந்த நோட்டுக எதுக்கு, பூச்சி அரிச்சுக்கிட்டு? பழைய பேப்பர்காரன்ட்ட போடவும் மனசு வல்ல. எவனாவது ஒரு பொண்ணு ஜாதகத்துல கடலை மடிச்சுக் குடுப்பான். வைகையில விடலாம்னா தண்ணி ஏது? புதன்கிழமை நாள் நல்லாருக்கு. அழகர்கோவில் போயி சாமி பாதத்துல வச்சு எடுத்து, அடிவாரத்துக் கண்மாயில விட்டுட்டு வந்துர்றேன்."

திங்கட்கிழமை வெப்சைட் திறந்தாயிற்று. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ரம்யாஸ்ரீ வீட்டில் போன் அடித்தது. வழக்கம்போல் அவள் எடுக்கவில்லை. சௌரிராஜன் எடுத்தார். பேசப் பேச அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சேலத்துல இருந்து. நம்ம சனம்தான். பையன் பெங்களூர்ல இருக்கானாம். உன் ஜாதகத்த ராதாமணி அம்மாவோட வெப்சைட்டுல பாத்தாங்களாம், பொருந்துதாம். ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாராங்க. நான் தேடிப் போகல பாரு, தானா வந்திருக்கு!"

ரம்யாஸ்ரீ வாயைத் திறந்து "அது நான் தப்பா விட்டது" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் வேலையிலேயே தப்பு என்றால் சித்திரை வரைக்கும்கூட அப்பா பொறுப்பாரா? இன்னொரு போன் வருவதற்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடியது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தல்லாகுளத்துக்குப் பஸ் ஏறினாள்.

"என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி வாரே?" என்றார் பாண்டியராஜன். அவள் நேராகப் போய் உட்கார்ந்தாள்.

ஏற்றியதை அழிப்பதற்கு ஒரு பக்கம் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தாள், இன்னும் செய்யவில்லை. அதனால் நேராகச் சர்வருக்குள் போய்க் கட்டளையைத் தட்ட வேண்டும். இந்தப் பட்டியலில் இருந்து அழி, இந்தப் பெயருள்ளதை மட்டும் அழி என்று இரண்டு பகுதி. முதல் பகுதியை அடித்தாள். அந்த நேரம் பார்த்துக் கல்லாவில் இருந்த போன் கிர்ரென்று அடித்தது. தன் வீட்டு போனே அடித்த மாதிரித் தூக்கிவாரிப் போட்டது. விரல் பொத்தென்று என்டரில் விழுந்தது.

திரையில் ஒரு வரி வந்தது. அழிக்கப்பட்டவை: 313.

அவளுக்கு முதலில் புரியவில்லை. ஒன்று என்றுதானே வர வேண்டும். வெப்சைட்டைத் திறந்து பார்த்தாள். பையன்கள் பக்கம் காலி. பெண்கள் பக்கம் காலி. மறுபடியும் திறந்தாள், அப்போதும் காலி.

பாண்டியராஜன் எட்டிப் பார்த்துவிட்டு, "காப்பி எதும் எடுத்து வச்சிருக்கியா?" என்று கேட்டார். ஆரம்பத்தில் நாற்பது பேரை ஒரு பிளாப்பியில் எடுத்து வைத்திருந்தாள். அதைப் போட்டால் கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது, ஒன்றும் திறக்கவில்லை. சர்வரில் இடம் வாடகைக்குக் கொடுத்த கம்பெனியோ, நகல் வைப்பது எங்கள் பொறுப்பில்லை என்று முதல் நாளே எழுதி அனுப்பியிருந்தது.

அப்போதுதான் இன்றைக்குப் புதன்கிழமை என்பது உறைத்தது.

ராதாமணி அம்மா வீட்டுக்குப் போன் போட்டாள். மருமகள் எடுத்தாள். "அத்தை அழகர்கோவிலுக்குக் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆச்சே. ரெண்டு கட்டப்பை நெறைய நோட்டு. ஆட்டோவுல போகச் சொன்னா கேக்கல, பஸ்ஸுலதான் போறாங்க."

அழகர்கோவில் பஸ் தல்லாகுளம் வழியாகத்தான் போகும். அந்த நோட்டுகள் கொஞ்சம் முன்னால் இந்த வாசலைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. அவை தண்ணீருக்குள் போய்விட்டால் முன்னூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் போய், உங்கள் பிள்ளை ஜாதகத்தை நான்தான் தொலைத்தேன், திரும்பக் கொடுங்கள் என்று நிற்க வேண்டும். அதில் பாதி அவள் தெருவிலேயே இருந்தது.

அடுத்த பஸ்ஸில் ஏறினாள். அது புதூரில் நின்றது, மூன்றுமாவடியில் நின்றது, கடச்சனேந்தலில் கைகாட்டிய ஆளுக்கெல்லாம் நின்றது. அப்பன்திருப்பதியில் டிரைவர் இறங்கிப் போய் டீயே வாங்கிவிட்டார். ரம்யாஸ்ரீ கம்பியைப் பிடித்துக்கொண்டு, ராதாமணி அம்மாவிடம் சொல்ல ஒரு பொய்யைத் தயார்பண்ணினாள். ரெண்டு ஜாதகத்தில் நட்சத்திரம் தெளிவாக இல்லை, நோட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். நல்ல பொய். மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், கண்ணாடி முன்னால் பழகியதைவிட நன்றாகவே வந்தது. டிரைவர் இன்னும் டீயை ஊதிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்கண்ணே."

"என்னம்மா அவசரம்? அழகர் சித்திரைக்குத்தான் கிளம்புவாரு. இப்ப அங்கனதான் இருப்பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் குனிந்து பார்த்தாள். மலை தெரிய ஆரம்பித்ததும் கண்மாயும் வந்தது. அந்த வருஷம் மழைக்குக் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. நடுவில் வெள்ளை வெள்ளையாக என்னமோ மிதந்தது. நோட்டுத் தாள்கள் என்றே நினைத்தாள். பஸ் ஹாரன் அடித்ததும் அந்த வெள்ளையெல்லாம் எழுந்து பறந்தது. கொக்கு.

இறங்கி ஓடினாள். கோயில் கோபுரத்தடியில் பதினெட்டாம்படிக் கருப்பன் சன்னதி. சந்தனம் அப்பிய பெரிய கதவு, எந்நேரமும் சாத்தியே இருக்கும். அதற்கு முன்னால் நின்று பொய் சொல்ல மதுரைச் சீமையில் ஆள் கிடையாது. கோர்ட்டில் தீராத வழக்கைக்கூட இங்கே கொண்டுவந்து சத்தியம் வாங்கித் தீர்த்துக்கொள்வார்கள். அன்றைக்கும் வரப்புத் தகராறு போல, இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, "நான் வரப்ப நகட்டல" என்றார். மற்றவர் அப்படியே தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டார்.

இதை வாய் பிளந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்களில் ராதாமணி அம்மாவும் ஒருவர். காலடியில் இரண்டு கட்டைப்பை, நோட்டுகளோடு. வேடிக்கை பார்க்கிற குணம் அவருக்கு இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

"ஏண்டி, நீ எங்க இங்க?"

ரம்யாஸ்ரீ வாயைத் திறந்தாள். "ரெண்டு ஜாதகத்துல நட்சத்திரம்..." என்று ஆரம்பித்தாள். கண் தானாகக் கதவுக்குப் போனது. அணைந்த சூடத்தின் புகை இன்னும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. ராதாமணி அம்மாவுக்குப் பயப்படுவதா, கருப்பனுக்குப் பயப்படுவதா என்று இருந்ததில் கருப்பன் ஜெயித்தார்.

"எல்லாம் அழிஞ்சுபோச்சும்மா. நான்தான் அழிச்சுட்டேன். ஒண்ணுகூட இல்ல."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும்."

ராதாமணி அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தார். இரண்டு பையையும் இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டார். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கும் விளங்கியது. திட்ட ஆரம்பித்தார். கோயிலுக்கு வந்தவர்கள் வரப்புக்காரர்களை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள். ரம்யாஸ்ரீ எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள். எப்படி அழிந்தது என்று கேட்டார். தன் ஜாதகம் ஏறியிருந்தது, சேலத்துப் போன், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்ப்பது, அப்பா வைத்த கெடு என்று ஒன்று விடாமல் கொட்டினாள்.

ராதாமணி அம்மா மூக்கை உறிஞ்சினார். "மறுபடியும் ஏத்த எத்தன நாள் ஆகும்?"

"பத்து நாள்ம்மா. ராப்பகலா உக்காந்தா."

"ஞாயித்துக்கிழமை உன்னப் பாத்துட்டுப் போனா, அடுத்த முகூர்த்தத்துல நிச்சயம், அப்புறம் பட்டு எடுக்கணும்பாங்க. எனக்கு எவ ஏத்திக் குடுப்பா? எந்திரி. சூடம் வாங்கிட்டு வா."

சூடம் வாங்கி வந்தாள். ஒரு பேர் விடாமல் திரும்ப ஏற்றுவேன், அன்றன்றைக்கு ஏற்றியதற்கு அன்றன்றைக்கே காப்பி எடுத்து வைப்பேன் என்று சாத்திய கதவுக்கு முன்னால் அடித்துச் சத்தியம் பண்ணினாள். சூடம் சுட்டது. அதன் பிறகு ஆளுக்கு ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினார்கள். ராதாமணி அம்மா இறங்கியதும் தன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் முனிச்சாலைக்கு நடந்தார். ரம்யாஸ்ரீ இன்னொரு பையோடு பின்னாலேயே போனாள்.

சௌரிராஜன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். "வாங்கம்மா, வாங்க. சேலத்துக்காரங்க..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் ராதாமணி அம்மா கையைக் காட்டினார்.

"அதச் சொல்லத்தான் வந்தேன். அந்த ஜாதகம் தவறி ஏறிப்போச்சு. நான் நல்லாப் பாத்துட்டேன். உங்க பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தா நிக்காது. சேலத்துக்குச் சொல்லிருங்க."

சௌரிராஜனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் ராதாமணி அம்மா சொன்னபிறகு அதற்கு மேல் பேச்சு ஏது? போன் பக்கம் போனார். ரம்யாஸ்ரீ நெருங்கிப்போய்க் குசுகுசுவென்று கேட்டாள்.

"அம்மா, நெசமாவே எனக்கு அப்படி இருக்கா?"

"நான் உன் ஜாதகத்தப் பாத்ததே கெடையாது."

"அப்ப பொய்யா? கருப்பன்..."

"கருப்பன் இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்காரு. பேசாம இரு."

சௌரிராஜன் சேலத்துக்குப் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, ரெண்டு வருஷம் போகட்டும்னு... இல்லல்ல, வேற எடமெல்லாம் பேசல... அந்த வெப்சைட்டா?" கொஞ்சம் நிறுத்தினார். தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டார். "அது எம் பொண்ணு செஞ்சதுங்க. அவளேதான். எங்கயும் வேலைக்குப் போகல, சொந்தமா செய்றா."

இதற்கு முன்னால் அப்பா யாரிடமும் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. யாராவது விசாரித்தால், சும்மாதான் இருக்கிறாள் என்றுதான் சொல்லுவார்.

அவர் ரிசீவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "பையனோட அம்மாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்காம். அதுக்கும் இந்த மாதிரி ஒண்ணு வேணுமாம். உங்கிட்டப் பேசணுங்கிறாங்க."

ரம்யாஸ்ரீ ரிசீவரை வாங்கினாள்.

"வணக்கம், நான் ரம்யாஸ்ரீ பேசுறேன்." கண்ணாடிக்கு வெளியே முதன்முதலாக முழுசாக வந்தது. "பத்து நாள் கழிச்சுத்தான்ம்மா ஆரம்பிக்க முடியும். ராதாமணி அம்மாவுக்கு முன்னூத்துப் பன்னெண்டு பேரத் திரும்ப ஏத்தணும்."

"திரும்பவா? ஏன், என்ன ஆச்சு?"

அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். ராதாமணி அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். சாமி இருபது கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்தார். ஆனால் சூடம் சுட்ட உள்ளங்கையில்தான் ரிசீவர் இருந்தது, எரிந்துகொண்டும் இருந்தது.

"நான்தான் அழிச்சுட்டேன்ம்மா. என் தப்புதான்."

அப்பாவின் முகம் மாறியது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போனை வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். காலையில் இருந்து பட்ட பயமெல்லாம் இந்த ஒரு பயத்துக்குக் காணாது போலிருந்தது. பிறகு அந்தம்மா மெதுவாகக் கேட்டார்.

"எங்களுத ஏத்துறப்ப ரெண்டு காப்பி எடுத்து வச்சிருவியாம்மா?"

"மூணு எடுத்துருவேன்ம்மா," என்றாள் ரம்யாஸ்ரீ.